குறுங்காலச் சொற்கள்: அளவையும் விரைவும்

1. ஆய்வுப் பொருள்

சிறுபொழுதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இன்று தமிழர் பேச்சில் பெரிதும் கலந்துள்ளன. சென்னையின் தென்பகுதியில் இதனை நாள்தோறும் கேட்கலாம். தியாகராய நகர்த் துணிக்கடையில் விற்பனையாளர், 'ஒரு நிமிஷம் இருங்க' என்கிறார். அடையாற்று அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர், 'ஒன் செகண்ட்' என்கிறார். மயிலாப்பூர் மாடவீதி இல்லத்தில் உணவுக்கு அழைக்கப்பட்ட மாணவன், 'டூ மினிட்ஸ்ல வரேன்' என்கிறான். இவருள் எவரும் காலத்தை அளந்து கூறினார் அல்லர். கேட்பவரும் அளந்து பார்ப்பதில்லை. 'சிறிது பொறுங்கள்' என்னும் வேண்டுகோளும், 'விரைந்து வருவேன்' என்னும் உறுதியுமே இத்தொடர்களின் பொருளாகும்.

ஆயினும் இவையே தேர்வுக்கூடத்திலும் புகைவண்டி நிலையத்திலும் மருத்துவமனையிலும் வரையறுத்த அளவைப் பெயர்களாக நிற்கின்றன. எனவே ஒரு சொல்லே இரண்டு தொழில்களைச் செய்கிறது. ஒன்று காலத்தை அளத்தல். மற்றொன்று விரைவை உணர்த்தல். இவ்விரு தொழில்களையும் பிரித்தறியாமையால் தமிழாராய்ச்சியில் ஒரு பிழையும், மொழிபெயர்ப்பில் மற்றொரு பிழையும் நேர்கின்றன என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆங்கிலச் சொற்களின் வரலாறு

'மினிட்' என்னும் சொல் இலத்தீன மொழியினின்று வந்தது. அறுபதாகப் பகுக்கும் பழைய கணித முறையில் முதற்பகுப்பால் கிடைத்ததை 'முதற் சிறுகூறு' என்றும், அதனை மீண்டும் பகுத்ததை 'இரண்டாஞ் சிறுகூறு' என்றும் இலத்தீனக் கணிதர் வழங்கினர். முன்னதில் 'சிறுகூறு' என்னும் பகுதி மினிட் ஆயிற்று; பின்னதில் 'இரண்டாம்' என்னும் பகுதி செகண்ட் ஆயிற்று. ஆகவே இவை பிறப்பிலேயே கணக்கர் சொற்கள். பின்னரே பொதுமக்கள் வாயில் வரையறை தளர்ந்து 'சிறுபொழுது' என்னும் பொருளைப் பெற்றன.

'மொமண்ட்' என்பதன் வரலாறும் இத்தகையதே. எட்டாம் நூற்றாண்டில் பீட் என்னும் ஆங்கிலத் துறவியார் காலக் கணிதம் பற்றி எழுதிய நூலில், ஒருமணி நேரம் நாற்பது மொமண்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இன்றைய ஒத்த மணிக்கணக்கில் வைத்துப் பார்த்தால், ஒரு மொமண்ட் தொண்ணூறு வினாடியாகும். இன்றோ அச்சொல்லுக்கு எவ்வளவும் இல்லை. 'ஜிஃபி' என்பது மட்டும் வேறுவகையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தில் காணப்படும் அச்சொல் தொடக்கத்திலேயே விரைவை மட்டும் குறித்து நின்றது.

விரைவுச் சொற்கள் நாளடைவில் விரைவை இழத்தலும் ஆங்கிலத்தில் காணப்படுகிறது. இன்று 'சிறிது காலத்தில்' எனப் பொருள்படும் 'சூன்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்று பொருள்பட்டது. 'அனான்', 'பிரசண்ட்லி' என்பனவும் அவ்வாறே 'உடனே' என்பதிலிருந்து 'பிறகு' என்பதற்கு நழுவின. உடனே வருவதாகக் கூறியோர் உடனே வாராமையே இம்மாற்றத்திற்குக் காரணம் எனலாம். குறுங்காலச் சொல்லின் பொருள் அகராதியில் நிலைத்திருப்பதன்று. பேசுவோர் சொல்லைக் காக்கும் அளவிற்கேற்ப அது விரியவும் சுருங்கவும் செய்யும்.

3. தமிழ் மரபின் அளவைகள்

தமிழ் மரபில் சிறுபொழுதை அளக்க இருவகைக் கருவிகள் இருந்தன. ஒன்று மனிதனின் உடம்பு, மற்றொன்று நீர்.

உடம்பைக் கொண்டு அளந்த முறையைத் தொல்காப்பியம் நூன்மரபிற் காண்கிறோம். எழுத்தொலியின் அளவாகிய மாத்திரைக்குக் கண் இமைத்தலையும் கைந்நொடித்தலையும் தொல்காப்பியர் அளவாகக் கூறினார். இரண்டையும் ஒருங்கே வைத்தமையின், அவர் கருத்தில் இமையும் நொடியும் ஒத்த அளவினவாதல் தெளிவு. நினைவின்றித் தானே நிகழ்வதாதலின் இமை சிறந்தது என்று உரையாளர் நயம் கூறுவர். பவணந்தி முனிவரும் நன்னூல் எழுத்தியலில் இவ்விரண்டையுமே அளவாகக் கொண்டு, இயல்பாக எழும் இமையும் நொடியும் என வரையறுத்தார். பழஞ்செய்யுளொன்று நொடியை மேலும் நான்காகப் பகுத்துக் காட்டுகிறது. நொடிக்க நினைக்கும் நிலை கால் மாத்திரை. விரலை விரல்மேல் வைத்து அழுத்தும் நிலை அரை. முறுக்கும் நிலை முக்கால். விட்டு ஒலிக்கும் நிலை ஒன்று. கருவி எதுவும் இல்லாத காலத்தில் மாணாக்கன் தன் கைவிரலையே கருவியாகக் கொண்டு எழுத்தின் அளவை அறிய இது வழிசெய்தது.

நீரைக் கொண்டு அளந்தது நாழிகை. அரசன் பாசறையில் குறுநீர்க் கன்னலைக் கொண்டு பொழுதறிந்து கூறுவோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஒருநாள் அறுபது நாழிகை. ஒரு நாழிகை அறுபது விநாழிகை. இதனை விநாடி எனவும் வழங்குவர். இக்காலக் கணக்கில் நாழிகை 24 நிமிடம். விநாழிகை 24 வினாடி. பஞ்சாங்க மரபு இவ்வளவைகளை இன்றும் காத்து வருகிறது.

இவற்றோடு வடமொழி வழியாக வந்தவை கணமும் நிமிஷமும் ஆகும். கணத்தின் அளவு நூலுக்கு நூல் வேறுபடுகிறது. அமரகோசத்தின்படி பன்னிரண்டு கணம் ஒரு முகூர்த்தம். முப்பது முகூர்த்தம் ஒருநாள். எனவே ஒரு கணம் நான்கு நிமிடமாகும். வசுபந்துவின் அபிதர்மகோசம் காட்டும் பௌத்தக் கணக்கிலோ ஒரு கணம் வினாடியில் எழுபத்தைந்தில் ஒருபங்காகும். ஒரே சொல் ஒருநூலில் மற்றொரு நூலிற்காட்டிலும் பதினெண்ணாயிரம் மடங்கு பெரிதாக நிற்றல் காண்க.

நிமிஷம் என்பதன் மூலம் நிமேஷம். அதன் பொருள் கண்ணிமைத்தல். இதன் அளவும் நூல்தோறும் வேறுபடும். மனுநூல் பதினெட்டு நிமேஷத்தை ஒரு காட்டை எனவும், முப்பது காட்டையை ஒரு கலை எனவும், முப்பது கலையை ஒரு முகூர்த்தம் எனவும், முப்பது முகூர்த்தத்தை ஒருநாள் எனவும் கூறும். இக்கணக்கில் ஒருநாளில் 4,86,000 நிமேஷங்கள் உள்ளன; ஒரு நிமேஷம் வினாடியில் ஏறத்தாழ 0.18 பங்காகும். மனிதன் ஒருமுறை இமைக்க வினாடியில் பத்தில் ஒருபங்கு முதல் பத்தில் நான்குபங்கு வரை ஆகும் என்பது இக்கால உடலியலார் கண்டது. பழையோர் வாய்பாடு இயற்கையோடு பொருந்தியிருத்தல் இதனாற் புலனாகும்.

4. பொருட்பெயர்ச்சி

ஐரோப்பிய மணிக்கணக்கு வந்தபோது புதிய அளவைகளுக்குப் பெயர் வேண்டியிருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வு நிலையம் இந்நகரத்தின் நேரத்தைக் கணித்தது. அந்நேரம் 'சென்னை நேரம்' என்னும் பெயரோடு புகைவண்டித் துறையிலும் ஆளப்பட்டது. 1906-இல் இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. கதிரவன் எழுச்சியிலிருந்து நாழிகை எண்ணிய மக்கள் நள்ளிரவிலிருந்து மணியும் மினிட்டும் எண்ணும் நிலைக்கு இவ்வாறு படிப்படியாக மாறினர். மாறியபோது புதுச்சொற்களைப் படைத்துக்கொள்ளவில்லை. பழைய சொற்களையே புதிய அளவுகளுக்கு மாற்றிக்கொண்டனர்.

இதன் விளைவு வியக்கத்தக்கது. இமைத்தலைக் குறித்த நிமிஷம் அறுபது வினாடி கொண்ட மினிட்டுக்குப் பெயராயிற்று. மனுநூற் கணக்கின்படி அது 337½ மடங்கு பெருகிவிட்டது. 'மினிட்' என்பதன் ஒலியோடு அச்சொல் அணுகி நிற்றலும் இதற்குத் துணைசெய்திருத்தல் கூடும். விநாடியோ எதிர்த்திசையிற் சென்றது. முன்னர் 24 செகண்டு அளவினதாய் இருந்த அது, இன்று வினாடி என எழுதப்பெற்று ஒரு செகண்டாகச் சுருங்கியது. விரல்நொடிப்பைக் குறித்த நொடியும் அதே செகண்டுக்குப் பெயராயிற்று. ஆகவே சுருங்கிய சொல் ஒன்றும் பெருகிய சொல் ஒன்றும் இன்று ஒருபொருட் பன்மொழியாக நிற்கின்றன.

தொல்காப்பியர் ஒப்பவைத்த இமையும் நொடியும் இன்று ஒன்றுக்கு அறுபதாக விலகி நிற்றலே இங்கு நாம் உளங்கொள்ள வேண்டுவது. நொடி செகண்டாயிற்று, இமைப்பொருள் கொண்ட நிமிஷம் மினிட்டாயிற்று. நிமிஷத்தை நிமிடம் எனத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்து எழுதுவது முறையே. வேஷம் வேடமானதும் விஷம் விடமானதும் இவ்வாறே. எனினும் அவ்வாறு எழுதிய பின்னர் அச்சொல்லில் கண்ணின் நினைவு சிறிதும் இல்லாமற் போயிற்று.

5. இலக்கண ஆராய்ச்சியில் நேரும் பிழை

இப்பெயர்ச்சியை நினையாதவர், பழைய நூலின் நொடியை இன்றைய நொடியாகக் கொண்டுவிடுகின்றனர். 'குற்றெழுத்தை ஒலிக்க ஒரு நொடியாகும்' என்னும் விளக்கத்தைப் பயின்ற மாணவர், ஒரு மாத்திரையை ஒரு செகண்டு எனவே எழுதக் காண்கிறோம். இது சிறுபிழையன்று, தமிழ் ஒலியியலின் அடிப்படையையே திரிக்கும் பிழையாகும்.

திருக்குறளின் முதற்குறளைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கும் குற்றியலுகரத்துக்கும் அரை எனக் கணக்கிட்டால், அதன் ஏழு சீர்களும் முறையே 3, 3, 6½, 3, 3½, 4½, 2½ மாத்திரை பெறும். மொத்தம் 26 மாத்திரை. மாத்திரை ஒரு செகண்டாயின் அக்குறளை ஓத ஏறத்தாழ அரை நிமிடம் வேண்டும். எவரும் அவ்வாறு ஓதுவதில்லை.

வேறொரு கணக்கைக் காண்போம். சூரிய சித்தாந்தம் முதலிய வானூல்களில் பிராணன் என்னும் அளவை உண்டு. அது பத்து நெட்டெழுத்துகளை ஒலிக்கும் காலம் என்பர். ஆறு பிராணன் ஒரு விநாடியாதலின், ஒரு பிராணன் நான்கு செகண்டு. இதன்படி நெட்டெழுத்து 0.4 செகண்டும், குற்றெழுத்து 0.2 செகண்டும் பெறும். தமிழ் மாத்திரையையும் இவ்வளவாகக் கொண்டால், முதற்குறளை ஓத 5.2 செகண்டு ஆகும். மனுநூலின் நிமேஷத்தைக் கொண்டால் 4.6 செகண்டு. தெளிவாகவும் இயல்பாகவும் ஓதுவார்க்கு ஆகும் காலம் இதுவே. எனவே இமையளவே மாத்திரை என்னும் பழைய கொள்கை காதுக்கும் கடிகாரத்துக்கும் ஒத்ததாகும்; பின்வந்தோர் சொல்லை மாற்றிப் பொருள் கொண்டதே பிழையாகும்.

மாத்திரை என்பது எழுத்துகளுக்கிடையேயுள்ள விகிதத்தையே உணர்த்தும். அதனை எவ்வகைக் கடிகார அளவாலும் கூறுதல் பொருந்தாது என்று சிலர் தடை கூறக்கூடும். அத்தடை ஏற்கத்தக்கதே. விரைந்து ஓதினும் மெல்ல ஓதினும் குறில் ஒன்று, நெடில் இரண்டு என்னும் விகிதம் மாறாது. ஆயினும் ஆசிரியர் விகிதத்தை மட்டும் கூறி அமையவில்லை. இமையையும் நொடியையும் எடுத்துக்காட்டினார். அவை ஆள்தோறும் சிறிது வேறுபடினும் ஓர் எல்லைக்கு உட்பட்டவை. 1967-ஆம் ஆண்டு முதல் செகண்டு, சீசியம் அணுவின் கதிர்வீச்சில் 919,26,31,770 அலைவுகள் நிகழும் காலமாக வரையறுக்கப்பட்டுள்ளது. அத்தகைய மாறாத அளவு தொல்காப்பியர்க்கு வேண்டியதன்று. பேசுவோன் உடம்பிலேயே அமைந்து, பேச்சோடு ஒத்த விரைவில் நிகழும் அளவே வேண்டியது. ஆகவே மாத்திரையை ஒரு செகண்டு எனக் கூறுவது எண்ணாலும் பிழை. அளவையின் இயல்பாலும் பிழை.

6. விரைவை உணர்த்தும் தமிழ்நெறி

இனி இரண்டாவது தொழிலாகிய விரைவை நோக்குவோம். ஆங்கிலம் இதற்குப் பெரும்பாலும் காலப்பெயரையே நாடுகிறது. 'ஒரு மினிட்டில் வருவேன்', 'ஒரு செகண்டில் முடிப்பேன்' என்பன அம்மொழியின் இயல்பான தொடர்கள். தமிழோ இதற்குக் காலப்பெயரை வேண்டுவதில்லை; வினையின் காலத்தையே மாற்றுகிறது.

வாராத காலத்தையும் நிகழும் காலத்தையும், விரைவு கருதி, இறந்தகாலத்தாற் கூறலாம் எனத் தொல்காப்பியம் வினையியலில் விதித்துள்ளது. உடன் செல்ல வேண்டியவன் வெளியே நின்று அழைக்க, உண்டு முடியாதவன் தான் உண்டுவிட்டதாகவும் வந்துவிட்டதாகவும் மறுமொழி கூறுவதை உரையாளர் எடுத்துக்காட்டுவர். நன்னூலார் பொதுவியலில் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்பவற்றையும் சேர்த்து, முக்காலமும் ஏற்ற இடத்தில் மயங்கும் என்றார்.

இவ்விதி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அழைத்த குரலுக்கு, இருந்த இடத்தை விட்டு எழாதவர் கூறும் மறுமொழி 'இதோ வந்துட்டேன்' என்பதே. இதில் காலப்பெயர் இல்லை; இறந்தகால வினை ஒன்றே விரைவை உணர்த்துகிறது. தொலைபேசியில் 'வந்துட்டே இருக்கேன்' என்பவர் இன்னும் வீட்டை விட்டுப் புறப்படாமலும் இருக்கலாம். இது எதிர்காலத்தை நிகழ்காலத்தாற் கூறியது; நன்னூலார் வகுத்த பரந்த விதிக்குள் அடங்கும். அழைத்தோர்க்கு 'கமிங்' என விடைகூறும் ஆங்கிலரும் நிகழ்கால வடிவை இவ்வாறு ஆள்வதுண்டு. ஆயினும் வாராத செயலை நிகழ்ந்து முடிந்ததாகவே கூறி, கேட்போர் காத்திருப்பைச் சொல்லளவில் இல்லையாக்கும் துணிவு தமிழ்வழக்கிற்குச் சிறப்பாக உரியது.

விரைவின் எல்லையைக் கூற வேண்டிய இடத்தும் தமிழ், செயல்களையே அளவாகக் கொள்கிறது. 'கண் மூடித் திறப்பதற்குள்', 'விரல் சொடுக்கும் நேரத்தில்', 'வெற்றிலை போடும் நேரம்' என்பன அத்தகையன. 'எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பான்' என்னும் பழமொழியில், ஒரு சொல்லை உச்சரிக்கும் காலமே அளவாக நிற்கிறது. இவை தொல்காப்பியர் கொண்ட உடம்பளவை மரபின் வழிவந்தவை எனலாம்.

அளவைப் பெயர் விரைவுப் பொருளுக்கு நழுவுதல் தமிழிலும் இல்லாமல் இல்லை. மயிலாப்பூர்ப் பார்ப்பனக் குடும்பங்களில் வழங்கும் 'நாழியாயிடுத்து' என்பதற்கு 'நேரமாகிவிட்டது' என்பதே பொருள். 'சித்த நாழி' என்பதற்குச் 'சிறிது நேரம்' என்பதே பொருள். இருபத்துநான்கு நிமிடம் என்னும் வரையறை இவற்றில் இல்லை. ஆங்கிலத்தில் மினிட் அடைந்த நிலையை நாழிகை அதற்கு எவ்வகைத் தொடர்புமின்றித் தானே அடைந்துள்ளது. எனவே 'ஒரு நிமிஷம் இருங்க' என்பதை ஆங்கில வழக்கின் தாக்குதல் என்று மட்டும் கூறி ஒதுக்குதல் பொருந்தாது. அளவைச் சொல் தேய்ந்து நேரச் சொல்லாதல் மொழிகளுக்குப் பொதுவான இயல்பு.

7. மொழிபெயர்ப்பு

இவ்வேறுபாட்டை உணராத மொழிபெயர்ப்பாளர் மினிட் வரும் இடமெல்லாம் நிமிடம் எனவும், செகண்ட் வரும் இடமெல்லாம் நொடி எனவும், மொமண்ட் வரும் இடமெல்லாம் கணம் எனவும் இயந்திரம்போல் எழுதுகின்றனர். ஆங்கிலக் கதையில் தாய் அழைக்க மகள், 'ஒரு மினிட்டில் வருவேன்' என்றால், 'ஒரு நிமிடத்தில் வருவேன்' என்பது தமிழாகாது என்று கூற இயலாது. ஆனால் 'இதோ வந்துவிட்டேன், அம்மா' என்பதில் உள்ள உயிர் அதில் இல்லை. வெடிமருந்து ஒரு மினிட்டில் வெடிக்கும் என்னும் இடத்திலோ நிமிடமே வேண்டும். அங்கு இமைப்பொழுது என எழுதுவது கதையையே கெடுத்துவிடும். தொழிலை அறிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும்.

காலப்போக்கில் நல்ல மொழிபெயர்ப்பும் பொருள் மாறித் தோன்றுதல் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற தமிழ் விவிலியப் பெயர்ப்பில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், இறுதி மாற்றத்தின் விரைவைக் கூறும் இடம் உள்ளது. கிரேக்க மூலம் முதலில் பகுக்கவொண்ணாச் சிறுபொழுதையும், அடுத்துக் கண்ணிமைப்பையும் கூறுகிறது. தமிழாக்கியோர் முன்னதற்கு நிமிஷத்தையும் பின்னதற்கு இமைப்பொழுதையும் ஆண்டனர். நிமிஷம் இமைப்பொருள் இழவாத காலத்தில் இவை இரண்டும் ஒன்றையொன்று வலியுறுத்தும் இணைமொழிகள். இன்று படிப்பவர் அறுபது வினாடியையும் அடுத்து ஓர் இமைப்பையும் கேட்கிறார். மாற்றம் எவ்வளவு பொழுதில் நிகழும் என மயங்குகிறார். மொழிபெயர்த்தோர் பிழை செய்தாரல்லர். சொல் அவர்கள் காலத்திற்குப்பின் இடம்பெயர்ந்துவிட்டது.

வரலாற்றுப் புதினம் எழுதுவோர்க்கும் இது பொருந்தும். சோழர்காலப் பாத்திரம் ஒன்று 'ஐந்து நிமிடம் பொறு' எனக் கூறுமாயின் அது காலவழு. அதே பாத்திரம் 'நிமிஷத்தில் மறைந்தான்' எனக் கூறின் வழுவன்று. சொல் ஒன்றே, முன்னதில் அது மணிக்கணக்கின் மினிட், பின்னதில் கண்ணின் இமைப்பு.

8. முடிவு

நிமிடத்தையும் வினாடியையும் அவற்றின் பழைய அளவுகளுக்கே மீட்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அது இயலாதது, வேண்டாததும் ஆகும். தனித்தமிழ் அன்பர் சிலர் மினிட்டுக்கு மணித்துளி என்பர். நீர்க்கடிகையின் நினைவை அச்சொல் நமக்கு ஊட்டுகிறது. வழக்கில் ஊன்றுமாயின் ஊன்றுக. நாம் வேண்டுவது அறிவுத்துறையில் மட்டும் மூன்றாகும்.

முதலாவது, பழைய இலக்கணத்தையும் உரையையும் கற்பிக்குமிடத்து மாத்திரையைச் செகண்டால் விளக்குதலைக் கைவிடல் வேண்டும்; மாணவரைக் கைந்நொடிக்கச் செய்து காட்டுதலே போதும். இரண்டாவது, வரலாற்றுமுறை அகராதி தொகுப்போர் நிமிஷம், விநாடி, நொடி, கணம் என்பவற்றின் அளவுகளைக் காலமும் நூலும் சுட்டி வரிசைப்படுத்தல் வேண்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி மேற்கோள் தந்து பொருள்களை எண்ணிட்டு அடுக்கியது. அப்பணியின்மேல் ஆண்டுக்கணக்கு ஏறுதலே எஞ்சியுள்ளது. மூன்றாவது, மொழிபெயர்ப்போர் ஆங்கிலக் காலப்பெயரைக் கண்டவுடன் தமிழ்க் காலப்பெயரைத் தேடாது, வினையின் காலத்தால் அப்பொருள் அமையுமா என முதற்கண் நோக்குதல் வேண்டும்.

விரைவைக் கூறத் தமிழுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. அளவைக் கூற வேண்டிய இடத்திலோ, எந்தக் கடிகாரம் என்று கேட்டறியாமல் பழைய நூலின் ஒரு சொல்லையும் பொருள் கொள்ளலாகாது.